சதுரங்கப் பலகை பாடாது, வழிவிடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் சதுரங்கமும் நவீன இசையும் பற்றி வெளியான கட்டுரையில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் 'ரீயூனியன்' நிகழ்ச்சிக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். தமிழ் நாளிதழில் இப்படி ஒரு படைப்புக்கு இடம் கிடைப்பதே அபூர்வம். ஆனால் அந்த அரைப் பக்கத்தில் மூன்று பிழைகள். ஒவ்வொரு காய்க்கும் ஒரு ஸ்வரம் என்றும், காயை வெட்டினால் இசை வெடித்துக் கிளம்பும் என்றும், அந்த இசையைக் கேஜே எழுதினார் என்றும் வந்திருக்கிறது. போதாததற்கு, 'நம் கல்லூரி மாணவர்களும் இதைச் செய்து பார்க்கலாமே' என்று கட்டுரை முடிகிறது. பிழையான விளக்கத்தை நம்பிச் செய்தால் கையில் மிஞ்சுவது பிறந்தநாள் வாழ்த்து அட்டைக்குள் இருக்கும் பொம்மை இசைதான். அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் நடந்தது என்ன என்பதைப் பார்ப்போம். 1968 மார்ச் 5, கனடாவின் டொரான்டோ நகரில் ரையர்சன் அரங்கம். மேடையில் ஒரு சதுரங்க மேசை. ஒரு பக்கம் கேஜ், மறுபக்கம் ஓவியர் மார்செல் டுஷாம்ப், அருகில் டுஷாம்பின் மனைவி டீனி. டுஷாம்ப் சும்மா பொழுதுபோக்குக்கு ஆடியவர் அல்லர். 1928 முதல் 1933 வரை சதுரங்க ஒலிம்பியாடுகளில் பிரான்சுக்காக ஆடியவர். ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சும் இறுதியாட்டம் பற்றி 1932இல் சதுரங்க ஆட்டக்காரர் ஹால்பர்ஸ்டாட்டுடன் சேர்ந்து ஒரு நூலே எழுதியவர். அன்று ஒரு குதிரையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஆடியும் கேஜைத் தோற்கடித்தார். அடுத்துக் கேஜும் டீனியும் ஆடினார்கள். நள்ளிரவு தாண்டியும் அந்த ஆட்டம் முடியவில்லை. பார்வையாளர்களில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள், ஆட்டம் பாதியில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2இல் டுஷாம்ப் காலமானார்.

பலகையைச் செய்தவர் லோவெல் கிராஸ். அப்போது டொரான்டோ பல்கலைக்கழகத்தில் மாணவர். அறுபத்துநான்கு கட்டங்களின் அடியிலும் ஒளியைப் பொறுத்து மின்தடை மாறும் உணரிகளைப் பதித்தார். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் எல்.டி.ஆர். என்று கேட்டால் கொடுப்பார்களே, அதே வகை. பலகைக்குள் 16 ஒலி இணைப்புகள் நுழைந்தன, 8 வெளியேறின. வெளியேறியவை பார்வையாளர்களைச் சுற்றி வைத்த ஸ்பீக்கர்களுக்குச் சென்றன. நுழைந்தவை டேவிட் டியூடர், கார்டன் மும்மா, டேவிட் பெர்மன், லோவெல் கிராஸ் ஆகிய நால்வரின் மின்னணு இசை. இந்த நால்வரும் ஆட்டத்தைப் பார்த்து வாசிக்கவில்லை. அவரவர் இசை அதன் போக்கில் ஓடிக்கொண்டே இருந்தது. எது கேட்கும், எந்தத் திசையிலிருந்து கேட்கும் என்பதை மட்டும் காய்கள் முடிவு செய்தன. கிராஸ் மாற்றியமைத்த தொலைக்காட்சித் திரைகளில் அந்த ஒலிகள் கோடுகளாக நெளிந்தன. பலகைக்குள் அதிர்வை ஒலியாக்கும் கான்டாக்ட் மைக்குகளும் இருந்ததால் காய் வைக்கும் 'டொக்'கும் சேர்ந்து கேட்டது.

ஆகவே கேஜ் இங்கே ஒரு ஸ்வரம்கூட எழுதவில்லை. பலகை என்பது வாத்தியம் அல்ல, ஒலி மிக்ஸர். கால்வாயில் மதகு இருப்பதைப்போல. மதகு தண்ணீரைச் சுரப்பதில்லை, திறந்துவிடுகிறது, மூடுகிறது. கட்டுரையாளர் இதைப் பிடித்திருந்தால் மற்ற இரண்டு பிழைகளும் வந்திருக்காது.

கேஜ் உண்மையிலேயே சதுரங்கக் கட்டங்களில் ஸ்வரம் எழுதியது வேறொரு படைப்பில். 1944இல் நியூயார்க்கின் ஜூலியன் லெவி காட்சிக்கூடத்தில் சதுரங்கத்தை மையமாக வைத்து நடந்த கண்காட்சிக்கு அவர் தீட்டிய ஓவியத்தில் சதுரங்கக் கட்டங்களுக்குள் இசைக்குறிப்புகள் இருந்தன. அறுபது ஆண்டுகள் கழித்துப் பியானோ கலைஞர் மார்கரெட் லெங் டான் அவற்றைப் படித்து வாசிப்புக்கு ஏற்ற வடிவில் எழுதினார். அது கட்டத்துக்குள் அடைத்து வைத்த இசை. யாரும் ஆட வேண்டியதில்லை. நம் பக்கத்தில் அதற்கு உறவு தேடினால் வேதாந்த தேசிகரின் பாதுகா ஸஹஸ்ரம் நினைவுக்கு வரும். 32 எழுத்துள்ள ஒரு ஸ்லோகத்தை நான்குக்கு எட்டு கட்டங்களில் எழுதி, குதிரை நடையில் தாவித் தாவிப் படித்தால் அடுத்த ஸ்லோகம் கிடைக்கும். அதுவும் முன்பே முடிவான நடை. ரீயூனியனில் முன்பே முடிவானது ஒன்றுமில்லை.

இனி 'வெட்டினால் வெடிக்கும்' என்பதற்கு வருவோம். பலகைக்குத் தெரிவது கட்டம் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பது மட்டுமே. எந்தக் காய், யாருடைய காய் என்று அதற்குத் தெரியாது. சாதாரண நகர்த்தலில் இரண்டு கட்டங்கள் நிலை மாறுகின்றன: புறப்பட்ட கட்டம் திறக்கிறது, சேர்ந்த கட்டம் மூடுகிறது. வெட்டும்போது சேருமிடம் ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது. எனவே ஒரே ஒரு கட்டம்தான் மாறும். விழுந்த காயைத் தூக்கி வெட்டிய காயை வைக்கும் இடைவெளியில் ஒரு நொடி வெளிச்சம் எட்டிப்பார்க்கும், அவ்வளவே. ஆட்டக்காரருக்கு நெஞ்சு படபடக்கும் அந்தக் கணம் பலகைக்கு மிகச் சிறிய நிகழ்ச்சி! ராஜாவும் யானையும் இடம் மாறும் காஸ்லிங்கில் நான்கு கட்டங்கள் மாறும். இரண்டு கட்டம் தாவி வந்த சிப்பாயைப் பக்கத்துச் சிப்பாய் ஆன் பாஸான் முறையில் வெட்டினால் மூன்று. சதுரங்கத்தின் நாடகமும் இசையின் நாடகமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இந்த விலகலில்தான் படைப்பின் சுவையே இருக்கிறது.

செய்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு இனி உள்ளபடி சொல்கிறோம். கிராஸின் சுற்றை அப்படியே நகலெடுக்கும் திட்டம் அல்ல இது. இன்று சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டு அதே வேலையைச் செய்யும் வழி.

கட்டம் ஒவ்வொன்றும் 5.5 செ.மீ. இருக்கட்டும். நடுவில் 5 மி.மீ. துளை, அதில் ஒரு எல்.டி.ஆர்., மேற்பரப்போடு சமமாக. இங்கேயே முதல் தவறு நேரும். போட்டிக் காய்களில் சிப்பாயின் அடிப்பாகம் கட்டத்தின் பக்க அளவில் ஏறத்தாழப் பாதி, அதாவது 2.8 செ.மீ. விட்டம். ஆட்டக்காரர் சிப்பாயை நடுவிலிருந்து சுமார் 1.2 சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலே துளையின் ஓரம் வெளியே தெரியத் தொடங்கும். ஆகவே காய்களை நடுவில் வைக்க வேண்டும் என்பதை ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். உள்ளே கூடான பிளாஸ்டிக் காய் ஆகாது, வெளிச்சம் கசியும். அடியில் கறுப்பு ஃபெல்ட் ஒட்டிய மரக்காய் நல்லது.

எல்.டி.ஆர். வழியாக நேரடியாக ஒலியை அனுப்பலாம். பலர் அப்படித்தான் தொடங்குவார்கள். ஆனால் மூடும்போது ஒலிக்க வேண்டிய கட்டங்களில் எல்.டி.ஆரைத் தரைக்கு, அதாவது சுற்றின் பூஜ்ய வோல்ட் பக்கத்துக்கு, இணைக்க நேரும். 10 கிலோ ஓம் தடைக்குப் பின் வெளிச்சத்தில் 1 கிலோ ஓம் காட்டும் எல்.டி.ஆர். என்றால் ஒலி சுமார் 21 டெசிபல்தான் குறையும். ஒரே ஸ்பீக்கருக்கு இப்படி நான்கு கட்டங்கள் வந்தால் கசிவு இன்னும் 6 டெசிபல் ஏறும். அமைதியாகத் தொடங்க வேண்டிய அரங்கம் முணுமுணுப்போடு தொடங்கும்.

எனவே பலகையையும் ஒலிப் பாதையையும் பிரித்துவிடுங்கள். கட்டத்தின் எல்.டி.ஆர். ஒரு பிசி547 டிரான்சிஸ்டரை இயக்கட்டும். டிரான்சிஸ்டர் ஒரு எல்.இ.டி.யை எரியவிடட்டும், அந்த எல்.இ.டி.யும் இன்னொரு எல்.டி.ஆரும் சூட்டில் சுருங்கும் ஒரு கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் குழாய்க்குள் முகம் பார்த்து இருக்கட்டும். ஒலி போவது இந்த இரண்டாவது எல்.டி.ஆர். வழியாக மட்டும்; இதுதான் அந்தக் கட்டத்தின் ஒலிக் கதவு. எல்.இ.டி. பச்சையாக இருப்பது முக்கியம். இந்த உணரிகளின் கண் 540 நானோமீட்டர் பக்கத்தில்தான் கூர்மை, சிவப்புக்கு மந்தம். இரண்டாவது எல்.டி.ஆருடன் 10 கிலோ ஓம் தொடராகச் சேர்த்து, 10 கிலோ ஓம் பின்னூட்டம் உள்ள கூட்டல் ஆப்-ஆம்ப்புக்கு (பல ஒலிகளை ஒன்றாகச் சேர்க்கும் பெருக்கிக்கு) கொடுத்தால், எரியும்போது இழப்பு 1 டெசிபலுக்கும் குறைவு. அணைந்தால் 40 டெசிபல் இறங்கும். எட்டு ஸ்பீக்கருக்கு எட்டு ஆப்-ஆம்ப், அதாவது நான்கு ஆப்-ஆம்ப் அடங்கிய டிஎல்074 சில்லு இரண்டு போதும். இந்தக் கூட்டல் ஆப்-ஆம்ப் இல்லாமல் வெறும் கம்பிகளை ஒன்றாக முறுக்கினால், திறந்த கதவு ஒன்றின் ஒலி மற்றொரு திறந்த கதவு வழியே பின்னோக்கிப் போய் வேறு ஸ்பீக்கரில் கேட்கும். பிழை எங்கே என்று இரண்டு நாள் தேட வேண்டியிருக்கும்.

திறந்தால் ஒலிக்க வேண்டிய கட்டத்தில் எல்.டி.ஆர். 5 வோல்ட் பக்கம், 4.7 கிலோ ஓம் தரைப்பக்கம், எல்.டி.ஆருக்குத் தொடராக 1 கிலோ ஓம் பாதுகாப்புக்கு. மூடினால் ஒலிக்க வேண்டிய கட்டத்தில் எல்.டி.ஆர். தரைப்பக்கம், 47 கிலோ ஓம் மேலே. எல்.இ.டி. ஒவ்வொன்றுக்கும் 220 ஓம். அறுபத்துநான்கும் ஒருசேர எரிந்தால் சுமார் 0.8 ஆம்பியர், 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் தாராளம். மொத்தம் 128 எல்.டி.ஆர்., 64 டிரான்சிஸ்டர், 64 எல்.இ.டி. பத்துப் பதினைந்து எல்.டி.ஆர். கூடுதலாக வாங்குங்கள். ஒரே பொட்டலத்தில் வருபவைகூட ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

எந்தக் கட்டத்துக்கு எந்த ஒலி, எந்த ஸ்பீக்கர்? சதுரங்கத்தில் நெடுவரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, கிடைவரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண். ஒரு நெடுவரிசைக்கு ஒரு ஸ்பீக்கர் என்று இணைப்பது எளிது, ஆனால் வீண். ஆட்டம் நடுக் கட்டங்களில் நடப்பதால் டி, இ வரிசை ஸ்பீக்கர்கள் இரண்டே உழைக்கும், மற்றவை தூங்கும். ஸ்பீக்கர் எண்ணை இப்படிக் கொடுங்கள்: ஏ1 முதல் ஏ8 வரை 1, 3, 5, 7, 2, 4, 6, 8 என்று எழுதி, ஒவ்வொன்றிலிருந்தும் வலப்பக்கமாக ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போய், 8க்குப் பின் 1க்குத் திரும்புங்கள். ஒலிகளுக்கு, பலகையை நான்குக்கு நான்கு கட்டங்கள் கொண்ட நான்கு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொரு பகுதியிலும் 1 முதல் 16 வரை ஒரே ஒழுங்கில் எழுதுங்கள். இப்போது ஒவ்வொரு ஒலியும் நான்கு கட்டங்களில், நான்கு வெவ்வேறு ஸ்பீக்கர்களில் கிடைக்கும். நடுவிலுள்ள டி4, இ4, டி5, இ5 நான்கும் 2, 3, 5, 6 என்று தனித்தனி ஸ்பீக்கருக்குப் போகும்.

அடுத்தது, எந்தக் கட்டம் மூடினால் ஒலிக்க வேண்டும், எது திறந்தால் ஒலிக்க வேண்டும் என்ற கேள்வி. அரங்கத்தில் அந்த மாலை எப்படி அமையும் என்பதே இதைப் பொறுத்தது. மூடினால் ஒலி என்று எல்லாக் கட்டத்துக்கும் வைத்தால், முதல் நகர்த்தலுக்கு முன்பே 32 கதவுகளும் திறந்து காது கிழியும், போகப்போக மெலியும். முதல் இரண்டு, கடைசி இரண்டு வரிசைகளைத் திறந்தால் ஒலி என்றும் நடு நான்கு வரிசைகளை மூடினால் ஒலி என்றும் வைத்தால் சுத்தமான அமைதியில் தொடங்கலாம். இ2 சிப்பாய் இ4க்குப் போனதும் இ2 திறந்து 7ஆம் ஸ்பீக்கரிலும், இ4 மூடி 3ஆம் ஸ்பீக்கரிலும் இரண்டு ஒலிகள் எழும். அழகான தொடக்கம்தான். ஆனால் இறுதியாட்டத்தில் ஓர வரிசைகள் காலியாகிவிடுவதால், பலகையில் ஐந்தாறு காய் மிஞ்சும்போது ஒலி உச்சத்தில் நிற்கும். ஆட்டம் முன்னேற ஒலியின் சிக்கல் ஏறி, காய்கள் குறையக் குறைய இறங்க வேண்டும் என்பது கிராஸின் நோக்கம். அந்த ஏற்ற இறக்கம்தான் வேண்டுமென்றால் நடு 32 கட்டங்களை மட்டும் ஒலிப் பாதையில் வைத்து, ஓர வரிசைகளைக் கான்டாக்ட் மைக்குக்கு விட்டுவிடுங்கள். பாதிப் பலகை வீணாகிறதே என்று தோன்றும். எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

விளக்கு பற்றிச் சொல்லாமல் விட்டால் எல்லாம் கெடும். தலைக்கு நேர் மேலே ஒரு விளக்கு வைத்தால், குனிந்து யோசிப்பவரின் தலைநிழல் நான்கு வரிசைகளை மூடிவிடும். இரண்டு பக்கத்திலிருந்தும் சாய்வாக இரண்டு விளக்குகள் வேண்டும். மேடை விளக்குக்காரர் சூழ்நிலைக்கு ஏற்ப சிவப்பு ஃபில்டர் போட்டால், உணரிகளுக்கு அது இருட்டு. எல்லாக் கட்டமும் மூடியதாகவே கணக்காகும். கடைசியில் மேடையை இருட்டாக்கினாலும் அப்படியே: நடு வரிசைகள் மொத்தமாக அலறும். முதலில் ஒலியைக் குறையுங்கள், பிறகு விளக்கை அணையுங்கள். கை நிழல் பலகைமேல் போகும்போது ஒலி லேசாக அலைபாயும். அதைத் தடுக்க மெனக்கெட வேண்டாம், நன்றாகவே இருக்கும்.

மைக்ரோகன்ட்ரோலர் என்ற சிறு கணினிச் சில்லு போட்டால் இத்தனை சால்டர் வேண்டாமே என்று கேட்பார்கள். சரிதான். பதினாறு உணரிகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து காட்டும் 16 வழி மல்டிபிளெக்ஸர் 4067 நான்கு, ஓர் ஆர்டுயினோ, 64 தடைகள். 64 கட்டங்களையும் ஒரு சுற்றுப் படிக்க ஏழு மில்லிநொடி. நம் மின்சாரத்தில் விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிப்பதால் மூன்று சுற்றுகளின் சராசரியை எடுங்கள். இல்லையென்றால் ஓரத்தில் இருக்கும் கட்டங்கள் படபடவென அடித்துக்கொள்ளும். ஆனால் படித்த எண்ணை 'ஆம், இல்லை' என்று சுருக்கிவிடாமல் ஒலி அளவாகவே பயன்படுத்துங்கள். எல்.டி.ஆர். மெதுவாக விழித்து மெதுவாகக் கண் மூடும். அந்தத் தயக்கத்தைச் சுவிட்ச்போலக் கத்தரித்தால் படைப்பின் பாதி உயிர் போய்விடும்.

காய் வைக்கும் ஓசைக்கு அதிர்வை மின்சாரமாக்கும் 27 மி.மீ. பீசோ தட்டு இரண்டைப் பலகையின் அடியில் ஒட்டுங்கள். அதை நேராக 10 கிலோ ஓம் உள்ள மிக்ஸர் இணைப்பில் செருகினால் சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மெலிந்து 'டொக்' என்பது 'டிக்' ஆகிவிடும். ஒரு மெகா ஓம் உள்ளீடு கொண்ட பஃபர் என்ற இடைச்சுற்று தேவை. மேசைக் கால்களுக்குக் கீழே தடித்த ஃபோம் வைக்காவிட்டால் ஸ்பீக்கர் அதிர்வு தரை வழியே ஏறி ஊளையிடும்.

பதினாறு ஒலிகள் எங்கிருந்து? எட்டுக் கைப்பேசிகளின் இடது, வலது தடங்களைத் தனித்தனியாக எடுத்தால் பதினாறு. மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அரை நிமிட லூப் போடுவார்கள். ஆட்டக்காரர் எட்டு நிமிடம் யோசித்தால் எந்தக் கதவும் மாறாது. அதே லூப் பதினாறு முறை சுற்றும், அரங்கம் எழுந்து போய்விடும். டொரான்டோவில் நான்கு இசைக் கலைஞர்கள் நேரில் இயங்கியதால் அந்தக் காத்திருப்பு தாங்கியது. ஒவ்வொரு தடமும் குறைந்தது அரை மணி நேரம், திரும்ப வராதபடி, மெதுவாக மாறிக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்தால் இரண்டு மூன்று பேர் நேரிலேயே இயக்கலாம். சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம். கேட்பவர்கள் உடனே பாட்டுக்குப் பெயர் சொல்லும் போட்டியில் இறங்கிவிடுவார்கள். ஒரு ஸ்பீக்கருக்கு அதிகபட்சம் எட்டுக் கட்டங்கள். தொடர்பில்லாத எட்டு ஒலிகள் சேர்ந்தால் 9 டெசிபல் ஏறும், ஒரே ஒலி என்றால் 18. அதற்கு இடம்விட்டு அளவை வையுங்கள்.

ஆட்டக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அதிவேக பிளிட்ஸ் ஆட்டம் ஆகாது. கை பறக்கும் வேகத்துக்கு உணரியும் ஈடுகொடுக்காது, காதும் ஈடுகொடுக்காது. ஆளுக்கு 25 நிமிடம் சரியாக இருக்கும். அவர்கள் ஒலிக்காக ஆடக் கூடாது, வெல்வதற்காக ஆட வேண்டும். பலமானவர் பலவீனமானவருக்கு ஒரு காயை விட்டுக்கொடுத்தால் ஆட்டம் நீளும். டுஷாம்ப் விட்டுக்கொடுத்தும் நீளவில்லை என்பது வேறு கதை. பாதியில் ஒருவர் தோல்வியை ஒப்புக்கொண்டாலோ டிரா செய்தாலோ ஒலியை யார், எத்தனை நொடியில் இறக்குவது என்பதை முன்பே பேசி வையுங்கள். ஒப்புக்கொண்டு ராஜாவைச் சாய்த்தாலும் பலகைக்கு ஆட்டம் முடிந்தது தெரியாது.

கட்டுரையில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் சோர்னின் 'கோப்ரா'வையும் இதே வகையில் சேர்த்திருந்தார்கள். ஒரு போர்ப் பலகை விளையாட்டின் பெயரைத் தாங்கி 1984இல் வந்த அந்தப் படைப்பில் பலகை எதுவுமே கிடையாது. நடுவில் நிற்பவர் அட்டைகளைத் தூக்கிக் காட்டுவார், வாசிப்பவர்கள் சைகையால் அவரிடம் கேட்டு வாங்குவார்கள். அங்கே விதிகள் மனிதர்களை ஆட்டுகின்றன. ரீயூனியனில் ஆடுபவருக்கு இசை பொருட்டில்லை, இசைப்பவருக்கு ஆட்டம் பொருட்டில்லை. இரண்டையும் ஒரே கூடையில் போட்டது நான்காவது பிழை என்றும் சொல்லலாம்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் 'ஒவ்வொரு காய்க்கும் ஒரு ஸ்வரம்' என்ற வரிக்காவது திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மின்னணு இசைக் கருவிகள் செய்யும் இருவர்,
சென்னை